தகரம் யாருடையது

புயல் ஓய்ந்த பிறகுதான் பரிமளத்துக்குக் கோபம் வந்தது. காற்று அடித்தபோது பயப்படத்தான் நேரம் இருந்தது. விடிந்து பார்த்தால் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதிக் கூரை இல்லை. கோடியில் இருந்த அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவோ மொட்டையாகவே நின்றது. அடுப்பு மூலைக்கு மேலே ஒரே ஒரு தகரம் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் அவள் மகள் ராசம்மா அன்று மத்தியானம் பிள்ளை பெற்றாள். ஆண் பிள்ளை. பெற்றவளுக்கு மறுநாளே காய்ச்சல் கண்டது. மழையும் விட்டபாடில்லை.

மருமகனாவது பக்கத்தில் இருந்தானா என்றால் அதுவும் இல்லை. நாவுலப் பக்கம் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி அகற்ற இளவட்டங்களையெல்லாம் தோட்டத்துத் துரை அனுப்பிவிட்டார். துரைக்கு ரோடு உடனே வேண்டும். கூலிகளின் கூரை மெல்ல வரும்.

கூரை போன குடும்பங்களெல்லாம் பிள்ளை மடுவத்தில் போய் அடைந்தன. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. சுவரும் கூரையும் துரையின் பங்களா மாதிரி அசையாமல் நின்றன. பரிமளமும் மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். வாசலிலேயே கங்காணி செல்லச்சாமி மறித்துக்கொண்டார். தோட்டத்துக் கோயில் இடிந்துபோனதால் மாரியம்மன் சிலையையும் மடுவத்துக்குள்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

“பிள்ள பெத்த தீட்டோட ஆத்தா இருக்கிற எடத்துக்கு வரலாமா? பதினாறு நாள் கழியட்டும்” என்றார் கங்காணி.

“அதுவரைக்கும் எம்மக எங்க படுப்பா?”

“பெத்த எடத்துலயே படுக்கச் சொல்லு. தகரம் கேட்டுத் தொர கொழும்புக்கு எழுதியிருக்காரு.”

பரிமளம் உள்ளே எட்டிப் பார்த்தாள். எத்தனையோ வருசம் அவளோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று கட்டின மடுவத்தில் ஒரு பிள்ளைக்கு இடமில்லை. “நல்லா இருங்கடி” என்றாள். அதைவிட மோசமாக அவள் யாரையும் திட்டியதில்லை.

திரும்பி வந்து, தொங்குகிற தகரத்தின் கீழே மகளைப் படுக்கவைத்து, சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாக்கு ஊறிச் சொட்டியது. பிள்ளை அழுவதை விட்டுவிட்டு இருமத் தொடங்கியது. இந்தப் பிள்ளை ஈரத்திலேயே கிடந்தால் பிழைக்காது.

மறுநாள் காலை மழை கொஞ்சம் வெறித்தபோது, பள்ளத்தில் எதுவோ கறுப்பாகத் தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் சோனக முஸ்லிம்களின் கிராமம். அங்கே ஸெய்னுலாப்தீனின் கொக்கோத் தோட்டத்தில் நேற்றுவரை இல்லாத ஒரு கொட்டில் முளைத்திருந்தது. அதன் மேலே தார் பூசிய தகரங்கள். லயத்துத் தகரத்துக்குத்தான் வருசா வருசம் தார் பூசுவார்கள்.

லயத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் எப்போதுமே ஆகாது. லயத்துச் சாக்கடைக் கான் தண்ணீர் அவர்கள் குளிக்கிற ஓடையில் கலக்கிறது என்று அவர்கள் கத்துவார்கள். அவர்களுடைய ஆடுகள் தேயிலை இளங்கன்றைக் கடிக்கின்றன என்று இவர்கள் கத்துவார்கள். பரிமளம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ஸெய்னுலாப்தீன் கொட்டிலுக்கு வெளியே கத்தியும் கையுமாக ஓலை சீவிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் எழுந்து வழியை அடைத்துக்கொண்டார்.

“அது எங்க காம்பராத் தகரம் நானா” என்றாள், அண்ணன் முறை வைத்து.

“பேர் எழுதி ஈக்குதா?”

அவள் கூரை விளிம்புக்குக் கீழே கையை விட்டுத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவி, விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். புகைபோக்கி இல்லாத காம்பராவில் வருசக்கணக்காக அடுப்பெரித்த கரி, விரலில் அப்பிக்கொண்டு வந்தது.

“என் அடுப்புக் கரி. நேத்துப் போட்ட கொட்டில்ல இவ்வளவு கரி எங்கேருந்து வந்துச்சு?”

“காத்து எங்கட தோட்டத்துல கொண்டாந்து போட்டது எங்கடதுதான். போ, போ. இதுக்குள்ள எங்கட தம்பிர பொண்டாட்டி இத்தா ஈக்கிறா. இங்க நின்னு சத்தம் போடாத.”

புருசன் செத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்கிற அந்த இத்தா வழக்கம் பரிமளத்துக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் எதையும் நம்புகிற நிலையில் இல்லை. தகரத்தை வைத்துக்கொள்ள இந்த மனுசன் சாவைக்கூட இட்டுக்கட்டுவான் என்று நினைத்தாள்.

நேரே கங்காணியிடம் போனாள். தீட்டுக்கு வழிவிடாத செல்லச்சாமி, சோனகனோடு சண்டை என்றதும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆணி நெம்ப அலவாங்கும், ஏணியுமாக இரண்டு ஆட்கள் கூட வந்தார்கள். இவர்கள் ஏணியைச் சாத்த, ஸெய்னுலாப்தீன் கத்தியை ஓங்க, “வெட்டுய்யா பாப்போம்” என்று கங்காணி நெஞ்சை நிமிர்த்த, அங்கே ஒரு கொலை விழாமல் போனதே பெரிது. ஒருத்தன் மேலே ஏறி முதல் ஆணியை நெம்பினான். தகரம் கிரீச்சிட்டது. உள்ளே ஒரு பெண் வீறிட்டாள்.

எல்லாரும் நின்றார்கள்.

“நிசமாவே ஆள் இருக்கா?” என்றாள் பரிமளம். ஸெய்னுலாப்தீன் காறித் துப்பினார். ஆண்கள் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அவள்தான் படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

உள்ளே மண்தரையில் பாய் விரித்து, வெள்ளைச் சேலையை முகம்வரை இழுத்துக்கொண்டு ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். ராசம்மாவைவிட நாலைந்து வயது மூப்பாக இருந்தால் அதிகம். பெயர் றம்லா.

“யாரு?”

“மேல் லயத்துக்காரி. இந்தத் தகரத்துக்குச் சொந்தக்காரி.”

“அப்ப மரத்துக்கும் நீங்கதானே சொந்தக்காரி?”

“எந்த மரம்?”

“ஒங்கட தோட்டத்து எல்லையில நின்ன மரம். அதுதான் எங்கட வீட்டுக்கு மேல விழுந்துச்சு. அதுக்கு அடியிலதான் எங்கட மனுசன் மௌத்தானாரு.”

“மரம் தொரயோடது” என்றாள் பரிமளம்.

“தகரம்?”

லயமும் துரையுடையது, தகரமும் துரையுடையதுதான். அவளுடையதென்று அங்கே இருந்தது அந்தக் கரி மட்டும்தான்.

“எம்மக பிள்ள பெத்திருக்கா. பச்சப் புள்ள நனையுது, இருமுது” என்றாள். கெஞ்சக் கூடாது என்று வந்தவள் குரல் அவளையும் மீறி உடைந்தது. அதற்காகவும் றம்லாவின் மேல் எரிச்சல் வந்தது.

“கழட்டினா நான் எங்க போறது? மச்சான் வீடு முழுக்க ஆம்புளைங்க. அங்கயும் கூரை ஓடு பாதி இல்ல.” றம்லா அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். “இங்க கூட்டிட்டு வாங்க.”

“ஒங்க வீட்டுலயா?”

“எங்கட வீடு அந்தா மரத்துக்கு அடியில கெடக்குது. இது ஒங்கட தகரம்தானே? ஒங்க மேல எரக்கப்பட்டுச் சொல்லல்ல. எனக்குத் தலைக்கு மேல கூரை வேணும். அந்த ஏணியில ஈக்கிறவன எறங்கச் சொல்லுங்க.”

பரிமளம் வெளியே வந்து, “எறங்குடா” என்றாள். விசயத்தைக் கேட்ட கங்காணிக்கு முகம் கோணியது.

“சோனகன் வீட்டுக்கா பிள்ள பெத்தவளக் கூட்டிட்டு வரப்போற? தீட்டுக்காரிய அங்க வச்சுட்டு, நாளைக்கு எந்த மொகத்தோட கோயிலுக்கு வருவ? தண்ணி கூடக் குடுக்கமாட்டாங்க, பாத்துக்க.”

“இப்ப மட்டும் குடுத்துக் கிழிச்சீங்களா? ஒங்க ஆத்தாவுக்கு எம்பேரன் தீட்டுன்னா அவ அங்கேயே இருக்கட்டும்.”

அம்மனை அப்படி அவள் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலத்துக்குள் ராசம்மாவையும் பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். றம்லா நீட்டிய சுடுதண்ணீரைப் பரிமளம் வாங்கவில்லை. ராசம்மா வாங்கிக் குடித்தாள். பிள்ளை முதல் தடவையாக இருமாமல் தூங்கியது. “இவனும் ஆம்புளதான்” என்றாள் றம்லா, சிரிக்காமல். பரிமளமும் சிரிக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வாசலில் ஸெய்னுலாப்தீன், கஞ்சிச் சட்டியோடு, நனைந்த கோழி மாதிரி நின்றார். தகரத்தின் கீழே ஒதுங்கலாம் என்று ஒரு காலை எடுத்துப் படலுக்கு உள்ளே வைத்தார்.

பரிமளம் எழுந்து போய் சட்டியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

“ஆம்பிளைங்க உள்ள வரக்கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு? இத்தா இருக்காங்கல்ல. எட்டி நில்லுங்க!”

படலை இழுத்துச் சாத்தினாள். அவர் வெளியே மழையில் நின்று, அது யாருடைய கொட்டில், யாருடைய தோட்டம் என்று கத்திக்கொண்டிருந்தார்.