வண்டினந் துன்னப் போது

சுவரில் பசை காய்வதற்குள் உமாபதி அந்த நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டார். அவருடைய சோடாக் கடைச் சுவர்தான். ரோஸ் நிறத் தாள். மேலே கொட்டை எழுத்தில் 'வடவெல்லை வேந்தன்'. அதற்குக் கீழே, 'எழுதி, இயக்கி, வேந்தனாகவே வாழ்பவர்: தமிழ்வேள் நகரி கோவர்த்தனன்'. எல்லாவற்றுக்கும் அடியில், அச்சாபீஸ் பெயருக்கு ஒரு வரி மேலே, எறும்பு ஊர்ந்ததுபோல இன்னொன்று: 'பிற படைப்புகளுக்கு இடம் தரும்பொருட்டு இந்நாடகத்திலிருந்து தாமே ஒதுங்கிக்கொண்ட அன்பர் உமாபதிக்கு எம் நன்றி.'

தாம் ஒதுங்கிக்கொண்ட செய்தி உமாபதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் எப்போ ஒதுங்கனேன் சிட்டிபாபு?"

பசை வாளியோடு நின்ற சிட்டிபாபு கோவர்த்தனனின் ரைஸ் மில்லில் குமாஸ்தா. நாடகத்தில் அரசன் வருகையைப் பாடி அறிவிக்கும் கட்டியக்காரன்.

"முந்தாநேத்து ஒதுங்கிட்டீங்க சாமி. அச்சாபீஸ்ல வச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"இன்னா காரணம் சொன்னாரு?"

"அதான் போட்டுக்கீதே. வேற எழுதப் போறீங்களாம்."

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம் எழுதத் தொடங்கிய நாடகம் அது. நகரியும் புத்தூரும் எந்தப் பக்கம் என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்தபோது, சோடாப் புட்டியைச் சுழற்றும் இடைவெளிகளில், வேங்கட மலைவரை ஆண்ட ஒரு மன்னனை உமாபதி வரி வரியாக உண்டாக்கினார். மன்னனுக்குத் திரைச்சீலையும் கிரீடமும் வாங்கிக் கொடுத்தவர் கோவர்த்தனன். ஆகவே மன்னன் கோவர்த்தனனே ஆனார். முதல் வருஷ நோட்டீஸில் உமாபதி 'ஆசிரியர்'. அடுத்த வருஷம் 'வசன உதவி'. அதற்கடுத்த வருஷம் வெறும் 'உதவி'. உதவிக்குக் கீழே இனி இறங்க இடமில்லாததால் இப்போது ஒதுங்க வேண்டியதாயிற்று.

கோவர்த்தனனின் தமிழ்ப் பற்று ஊரறிந்தது. கடைத்தெருக் கூட்டத்தில், எல்லைத் தகராறு தீரும்வரை தெலுங்கு தன் நாவிலும் ஏறாது, செவியிலும் ஏறாது என்று சபதம் செய்தவர். நாவைக் கட்டியது சரி, காதை எப்படிக் கட்டினார் என்பதை மில்லுக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். நெல் மூட்டையோடு வந்த தெலுங்கு ரைத்து ஒருவர், உன் மிஷினில் அரிசி நொய்யாகப் போகிறது என்று சண்டைக்கு வருவார். கோவர்த்தனனின் காது மடல் உடனே சிவந்துவிடும். ஆனால் வாய் திறக்க மாட்டார். சிட்டிபாபு பக்கத்தில் நின்று அதை நிதானமாகத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை கோபத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, அதன் பிறகே கொப்பளிப்பார். அவர் தூக்கத்தில் பேசுவது தெலுங்கில்தான் என்று அந்த வீட்டு வேலைக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு.

அன்று சாயங்காலம் உமாபதியின் மனைவி அலர்மேல்மங்கை நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பிற படைப்புன்னா இன்னா? வேற எதுனா எழுதி வச்சிக்கினு கீறியா?"

அந்தக் கேள்விதான் உமாபதியை முள்ளாகக் குத்தியது. அவரிடம் பிற படைப்பு என்று ஒரு வரிகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் அந்த மன்னனுக்கே போய்விட்டது. சோறு தின்னும்போதும் அந்த வரியே நெஞ்சில் நின்றது. ஒரு திருடன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்போது, 'வேறு வீடு கட்டிக்கொள்ள இவருக்கு இடம் தந்தேன்' என்று வாசலில் எழுதி ஒட்டினால் எப்படியிருக்கும்? கையைக் கழுவும்போது முடிவு செய்தார். இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பிற படைப்பு எழுதுவோம்.

மறுநாள் சலவை வேட்டியோடு மில்லுக்குப் போய்க் கும்பிட்டார்.

"நீங்க செஞ்சதுதான் தலைவரே சரி. எனுக்கும் வேற வேலை நெறைய கீது. போறதுக்கு முன்ன உங்குளுக்கு ஒரு வருகைப் பாட்டு எழுதிக்கினு வந்தேன். இப்ப இருக்கறது மன்னன் வர்ற மாதிரியா கீது, தபால்காரன் வர்ற மாதிரி கீது."

கோவர்த்தனன் காகிதத்தை வாங்கி, உதடு அசையாமல் கண்ணால் மட்டும் படித்தார். புலவர்கள் அப்படித்தான் படிப்பார்கள் என்பது அவர் எண்ணம். 'வண்டினந் துன்னப் போதவிழ் மார்பா' என்று தொடங்கியது. பொருள் விளங்கவில்லை என்பதாலேயே உயர்ந்தது என்று விளங்கியது.

"சங்க வாடை வீசுகிறது அன்பரே. இதை யார் பெயரில் வெளியிடுவது?"

"கேக்கணுமா தலைவரே? உங்க பேர்லதான்."

அன்றே புது நோட்டீஸுக்கு உத்தரவு போயிற்று: 'வருகைப் பாடல்: தமிழ்வேளே இயற்றியது.'

மெட்டுக் கற்றுக்கொள்ள சிட்டிபாபு கடைக்கு வந்தார். மன்னன் வருகைப் பாட்டின் ஒத்திகைக்கு மன்னன் வருவதில்லை. அது சேவகர்கள் சமாசாரம். உமாபதி பாடிக் காட்டினார். சிட்டிபாபு திரும்பப் பாடினார். பாதியில் நின்றார். உமாபதியின் முகத்தைப் பார்த்தார். பன்னீர் சோடா ஒன்றை வாங்கி முழுக்கக் குடித்தார்.

"போது, போதுன்னு இழுத்துட்டு, இங்கியா சாமி மூச்சு உடணும்?"

"அங்கதான் உடணும்."

பொருளில் குற்றமே இல்லை. துன்னுதல் என்றால் நெருங்குதல். போது என்றால் அரும்பு. வண்டுக் கூட்டம் வந்து மொய்க்க, அரும்புகள் அவிழும் மாலை அணிந்த மார்பன். எந்தப் பண்டிதரிடம் காட்டினாலும் தலையாட்டுவார். ஆனால் 'போது' என்ற இடத்தில் அழுத்தி நிறுத்தி மூச்சு விட்டால், வண்டெல்லாம் பறந்துவிடும். தெலுங்கு தெரிந்தவன் காதில் மிஞ்சுவது துன்னபோத்து. எருமைக்கடா. தின்று கொழுத்த மந்தனைத் தெலுங்கில் திட்டுகிற சொல்.

"நல்லா பெரிய மூச்சாவே உட்டுடறேன்," என்றார் சிட்டிபாபு. அவரும் ரொம்ப நாளாகக் காதுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தவர்.

புத்தூர் சந்தை மைதானத்தில் நாடகம். மெட்ராஸிலிருந்து ஒரு தலைவர் வந்திருந்தார். தெலுங்கு வாடையே படாத மனிதர். எல்லையைக் கண்ணால் பார்க்க வந்தவர். அவருக்குப் பின்னால் பாதி மைதானம் தெலுங்குக் குடும்பங்கள். எந்தப் பாஷையானாலும் ராஜா வேஷத்தைப் பார்க்காமல் விடாத ஜனங்கள்.

சிட்டிபாபு கோலை ஊன்றிப் பாட்டை எடுத்தார். "வண்டினந்... துன்னப்போத்..." மூச்சு விட்டார். சரியாக அந்த மூச்சில் திரை விலகி, பட்டுக் கச்சைக்கு மேலே எண்ணெய் பூசிய வயிறு முன்னால் வர, பின்னால் கோவர்த்தனன் வந்தார்.

முந்தானையை வாயில் வைத்திருந்த ஒருத்தி தாங்க முடியாமல் சிரித்தாள். அது பக்கத்து வரிசைக்குப் போயிற்று. அங்கிருந்து மைதானம் முழுக்க. "மள்ளீ, மள்ளீ" என்றார்கள் தெலுங்கில். "ஒன்ஸ்மோர்" என்றார்கள் மற்றவர்கள். சிட்டிபாபு கடமை தவறாதவர், மறுபடியும் பாடினார். ஒவ்வொரு முறையும் கோவர்த்தனன் திரைக்குள் போய்த் திரும்ப வரவேண்டியிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உமாபதி அவர் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மடல் இரண்டும் பழுத்த மிளகாயாக இருந்தன. வாய் மட்டும் மன்னன் புன்னகையில் உறைந்திருந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் சபதம் போச்சு. மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவரோ எதிரில் கோலோடு நின்று பாடிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபத்தை இனி எந்த நாளும் கொப்பளிக்க முடியாது; விழுங்கத்தான் வேண்டும். உமாபதிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

மெட்ராஸ் தலைவர் கண் கலங்கிவிட்டார். முடிவில் மேடையேறி, "தெலுங்குத் தோழர்களே எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் தமிழை இன்று கண்டேன். தமிழ்வேள் எழுதிய இந்தப் பாடல் எல்லைப்புறம் முழுவதும், ஊர் ஊராக ஒலிக்க வேண்டும்," என்றார். மாலை வேறு போட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கோவர்த்தனன் சோடாக் கடைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். ஆனால் கடையில் தெலுங்கு வண்டிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அவரைக் கண்டதும் புட்டியை வாயில் வைத்தபடி குடிக்காமல் நின்றார்கள்.

"அன்பரே, அந்தப் பாடலில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும்."

"எந்தச் சொல்லுங்க தலைவரே?"

"வண்டினம் வரையில் நன்று. அதற்குப் பிறகு."

"துன்னப் போதுங்களா? தமிழ்ல எதுனா தப்பா கீதா?"

"தமிழில் தப்பில்லை."

"பின்ன எதுல தப்பு?"

கோவர்த்தனனின் உதடு இரண்டு முறை குவிந்து பிரிந்தது. செந்தமிழ் அவரைக் கைவிட்டது. "உனுக்குத் தெரியும்டா உமாபதி."

"எனுக்குத் தெரிஞ்சது தமிழ் ஒண்ணுதான். உங்குளுக்கு வேற எதுனா தெரியுங்களா தலைவரே?"

வண்டிக்காரர்களில் ஒருவருக்குப் புரையேறியது. உமாபதி துணியால் பலகையைத் துடைத்தபடி சொன்னார்: "பாட்டும் உங்குளுது. நோட்டீஸ்ல போட்டுக்கீது. நீங்களே மாத்திக்கலாமே, நான் யாரு குறுக்க."

கோவர்த்தனன் போனார். அந்த முதுகைப் பார்த்த நிமிஷம்போல உமாபதியின் வாழ்க்கையில் இன்னொரு நிமிஷம் இல்லை. அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

ஆனால் பாட்டு அவரைக் கேட்காமல் நடக்கத் தொடங்கியது. நகரித் தறிவீடுகளில் பாடினார்கள். காணிப்பாக்கம் போய் வந்தவர்கள் அங்கே கடைக்காரர்கள் பாடுவதாகச் சொன்னார்கள். இத்தனை பெரிய மனுஷன் தன்னையே எருமைக்கடா என்று எழுதிக்கொண்டு, அதற்கே மேடையில் வந்து நிற்கிறானே, என்ன தங்கமான குணம் என்று தெலுங்குக்காரர்களும் மெச்சினார்கள். மில்லில் ரைத்துகள் நொய்யைப் பற்றிச் சண்டை போடுவதைவிட்டு அவரோடு சிரித்துவிட்டுப் போனார்கள். பலமனேரிலிருந்து தெலுங்கு வியாபாரிகளே நாடகத்துக்கு அழைத்தார்கள்.

"போயி சொல்லேன், நான்தான் எழுதனேன்னு," என்றாள் அலர்மேல்மங்கை.

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான். அஞ்சு வருஷம் எழுதனதுக்கு ஒருத்தனும் சிரிக்கல, அழுவல. இத்துக்குச் சிரிக்கறாங்கோ."

சொல்ல முடியாது என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? அவர் சொன்னால் அது வசவு. கோவர்த்தனன் சொன்னதாக இருக்கும்வரைதான் அது பாட்டு.

பலமனேருக்கு உமாபதி பஸ்ஸில் போனார். ஏன் போகிறோம் என்று தெரியாமலே போனார். இருட்டத் தொடங்கும் நேரத்தில் மைதானம் நிறைந்துவிட்டது. காய்கறி மண்டிக்காரர்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கூடைக்காரர் உமாபதிக்கும் கொஞ்சம் இடம் விட்டார். மேடையைக் காட்டி, "ஈயப்பே ராசினாடண்ட," என்றார். இந்த ஆளே எழுதினதாமே.

உமாபதி வாய் திறந்தார். கூடைக்காரர் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவுனு," என்று தலையாட்டினார் உமாபதி.

சிட்டிபாபு பாடினார். மூச்சு விட்டார். திரை விலகியது. யாரும் வரவில்லை. கூட்டம் கழுத்தை நீட்டியது. சிட்டிபாபு மறுபடியும் அந்த இடத்தைத் தொட்டார். அப்போது கிரீடம் மட்டும் முதலில் வந்தது. தலையைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் காதோரம் கொம்பாக வளைத்து, ஒரு காலால் பலகையைச் சுரண்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகக் கோவர்த்தனன் வந்தார். மேடையைச் சுற்றினார். முன்வரிசைக் குழந்தைகளை முட்டுவதுபோலக் குனிந்தார். குழந்தைகள் வீறிட்டுச் சிரித்தன. மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. முன்னால் இருந்தவர்கள் எழுந்ததில் உமாபதிக்கு மேடை மறைந்துபோயிற்று. அவர் கூடைமேல் ஏறிக் குதிகாலை உயர்த்திப் பார்த்தார். தலைகளுக்கு நடுவே கிரீடத்தின் ஜிகினா நுனி மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.