ஏழரை மணி மாலை

கலீல் ரஹ்மான் லாரி மோதி இறந்த மறுநாள், ராசிபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஏழரை மணிக்கு அவர் கழுத்தில் ஒரு சம்பங்கி மாலை விழுந்தது. நெற்றியில் குங்குமப் பொட்டு தானாக ஏறியது. டம்ளர் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. உதட்டில் சாந்தமான ஒரு புன்னகை வந்து உட்கார்ந்து, எட்டு மணிவரை எழுந்து போகவில்லை. எட்டு மணிக்கு அவர் மீதி டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

இறந்தது தொலைக்காட்சித் தொடரில். அதற்கு முன் சினிமாவில் அவர் எத்தனையோ தடவை இறந்திருக்கிறார், அப்போதெல்லாம் ஒன்றும் ஆனதில்லை. ஆறடி உயரமும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரிக் குரலுமாக, இருபத்திரண்டு வயதில் சென்னைக்குப் போனவர். வில்லனுக்குப் பின்னால் இடதுபக்கம் நிற்கும் ஆள் என்று சொன்னால் ஊருக்கே தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. முதல் சண்டையில் அடி வாங்குவார், கடைசிச் சண்டையில் சாவார். கல்யாணமான புதிதில் மனைவி ரோஷன் பீவி ராசிபுரம் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தாள். கணவன் தீயில் விழுந்து கத்தினான், சுற்றிலும் விசில் பறந்தது. அதற்கப்புறம் அவள் எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை. வருஷங்கள் போயின. வடக்கேயிருந்து புது வில்லன்கள் வந்தார்கள், அவர்களோடு புது அடியாட்களும் வந்தார்கள். முழங்கால் தேய்ந்து, கூப்பிட ஆளில்லாமல் இருந்தவரைச் சின்னத்திரை கூப்பிட்டது. கூட்டுக்குடும்பத்தின் தலைவர் வேஷம். ஆயுளில் முதல்முறையாக நல்லவராக நடித்தார். மருமகள் தமிழ்ச்செல்வி கொண்டுவரும் காபியை வாங்கி, "நல்லா இரும்மா" என்று சொல்வதுதான் பெரும்பாலும் வேலை. முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கக் கொஞ்ச நாள் விடுப்புக் கேட்டார். கதையில் லாரியை விட்டு ஏற்றிவிட்டார்கள். தொடர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாலையும் பொட்டுமாக அவருடைய படம் ஏறியது, அவர் பெட்டியோடு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினார்.

முதல் வாரம் வீடு பயந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. பொட்டை ரோஷன் பீவி முந்தானையால் துடைத்துவிட, அவர் இஷா தொழுகைக்குக் கிளம்பிப் போவார். பள்ளிவாசல் ஹஜ்ரத் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "நீங்களா வெச்சுக்கலீங்களே பாய். கைகால் மொகம் கழுவி ஒளுச் செஞ்சுட்டு வாங்க, போதும்" என்றார். சேலத்திலிருந்து மகள் சாதியா ஒரு டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் ஏழரை மணிக்கு ஊசியால் குத்திப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் மகன் தன்னோடு பேசுவதில்லை என்பதை எட்டு மணிவரை கலீல் ரஹ்மானிடம் சொன்னார். ரத்த அழுத்தம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஏழரை மணித் தொடரில் தமிழ்ச்செல்வி தினமும் மாமனார் படத்தின் முன்னால் நின்று, "மாமா, நீங்க இருந்திருந்தா இப்படி நடக்குமா" என்று தொடங்குவாள். அதே நேரத்தில் இங்கே தெருப் பெண்கள் வந்தார்கள். வாடின மாலையை ஆட்டுக்குப் போட வாங்கவந்த பக்கத்து வீட்டு ஆராயிதான் முதல் ஆள். போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன மகன் பேசியே மாசக்கணக்காகிறது என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு மாலையோடு போனாள். மறுநாள் நெய்க்காரம்மா வந்தாள். அப்புறம் தறிக்காரர் மனைவி. யாரும் அவரிடம் பதில் எதிர்பார்க்கவில்லை, எட்டு மணிக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். அவருக்கு எல்லாம் கேட்டது. காதைப் பொத்தக் கையும், முகத்தைச் சுளிக்க முகமும் இல்லாமல், ஒரு தெருவின் பாரம் முழுக்கத் தோளில் ஏறியதுபோல அலுத்துப்போனார். பேசாதவள் ரோஷன் பீவி ஒருத்திதான். அவள் பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

படத்தை இறக்கச் சொல்லிக் கேட்கச் சென்னைக்குப் போனார். தயாரிப்பு நிர்வாகி எழுந்து நின்று கும்பிட்டார். "உயிரோட இருந்தப்பவிட இப்பத்தான் சார் உங்களுக்கு மவுசு. அந்தப் படத்த எடுத்தா சீரியல் விழுந்துடும்" என்றார். திரும்பி வரும்போது மல்லூர் தாண்டியதும் ஏழரை ஆகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் மாலை விழுந்தது. பக்கத்திலிருந்தவர் அலறாமல் எழுந்து நின்றார். கண்டக்டர் விசிலடித்து வண்டியை ஓரம் கட்டினார். அடையாளம் தெரிந்ததும் பெண்கள் முறைவைத்து அருகில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. தாமதமானதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் அன்பழகன் என்ற இளம் இயக்குநர் காரில் வந்து இறங்கினார். பெரிய திரைக்கு ஒரு படம், கதையே ஒரு கிழவரைப் பற்றியது, அந்தக் கிழவர் கலீல் ரஹ்மான்தான். "முதல் சீன்ல இருந்து கடைசி சீன் வரைக்கும் நீங்க பேசறீங்க ஐயா. கடைசியில சாகறதும் இல்ல" என்றார். படப்பிடிப்பெல்லாம் பகலில், ஆனால் ஆறு மாதம் சென்னையிலேயே இருக்க வேண்டும். முப்பது வருஷமாகக் காத்திருந்த சொல் அது. கலீல் ரஹ்மான் சரியென்றார். அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கதவோரம் வைத்தார்.

ரோஷன் பீவி பெட்டியைப் பார்த்தாள். அன்று ஏழரை மணிக்கு ஆராயி வந்தபோது, "இன்னைக்கு வேண்டாம் ஆராயி, நாளைக்கு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தொலைக்காட்சியை அணைத்தாள். மாலையும் பொட்டுமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்த கணவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒன்னு சொல்லோணும். சாதியாவுக்கு முன்னால ஒன்னு பொறந்து தங்கலைன்னு போன்ல சொன்னாங்கல்ல, அது பொறக்கறப்பவே போயிடுச்சுன்னு நெனச்சுட்டீங்க. அப்படி இல்லீங்க. மூணு நாளு இருந்தான். உங்க நெத்திதான் அவனுக்கு. அப்ரார்னு பேரு வெச்சு, நானே காதுல சொன்னேன். பாங்கு சொல்லத்தான் அத்தா இல்லையே, எங்கண்ணன் சொன்னாரு. ரெண்டு மாசங்கழிச்சு நீங்க வந்தீங்க. அன்னைக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். தொவைக்கலாம்னு சட்டைய எடுத்தா, பையில திரும்பிப் போற டிக்கெட்டு இருந்துச்சுங்க. அப்புறம் எதுக்குன்னு உட்டுட்டேன். நீங்களும் கேக்கல."

அவள் அழவில்லை. அழுது தீர்ந்த விஷயத்தைச் சொல்கிறவளின் குரல்தான். கலீல் ரஹ்மான் தன் முகத்தில் இருந்த புன்னகையைக் கீழே தள்ளப் பார்த்தார். அது நகரவில்லை. மகன் மூன்று நாள் வாழ்ந்ததை ஒரு தகப்பன் சிரித்த முகத்தோடு கேட்டு முடித்தான்.

அதே நேரத்தில், எந்தெந்த வீட்டில் அந்தத் தொடர் ஓடியதோ அங்கெல்லாம், சுவரில் மாட்டியிருந்த பெரியவர் படத்தின் கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. மோகனூரில் பார்த்தார்கள், நாமகிரிப்பேட்டையில் பார்த்தார்கள். அந்தக் காட்சி மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்து முடித்தது. சேனல்காரர்கள் கிராபிக்ஸ் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு ரோஷன் பீவி அடுப்படியில் இருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாலையைக் கழற்றாமல், பொட்டோடு அங்கே போய் நின்றார்.

"எங்க அடக்குனீங்க?"

"நம்ம கபர்ஸ்தான்லதான். வேம்புக்குக் கெழக்கால."

"காலைல கூட்டிட்டுப் போறியா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "பொம்பளைங்க உள்ள போறதில்லீங்க, வெளியில இருந்துதான் காட்டுவேன். நீங்க உள்ள போங்க" என்றாள்.

விடிந்ததும் போனார்கள். மதில் ஓரத்தில் நின்று அவள் கையை நீட்டினாள். மேடு ஏதும் இல்லை, காட்டாமணக்கு முளைத்திருந்தது. அவர் செடியைப் பிடுங்காமல் பக்கத்தில் நின்று துஆ ஓதினார். முழங்கால் வலித்தது, இருந்தும் வெகுநேரம் நின்றார்.

அன்பழகனுக்கு அவரே போன் செய்தார். "ஊட்டுல கொஞ்சம் வேலை இருக்குங்க தம்பி" என்றார். எத்தனை நாள் வேலை என்று அன்பழகன் கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். அந்தப் படத்தில் வேறொருவர் நடித்து, நல்ல பேர் வாங்கினார். கலீல் ரஹ்மான் சேலத்துத் தியேட்டருக்குப் போய், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வந்தார். ரோஷன் பீவிக்குப் படம் பிடித்திருந்தது.

தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்ச்செல்வி சிறைக்குப் போய் வந்துவிட்டாள். சிக்கனம் கருதிப் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டார்கள், அன்றிலிருந்து ராசிபுரத்திலும் பிளாஸ்டிக் மாலைதான் விழுகிறது. தெருப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருக்கிறது. மற்ற நாட்களில் கதவு சாத்தியிருக்கும். ரோஷன் பீவி எதிரில் உட்கார்ந்து விட்டுப்போன வருஷங்களை வரிசையில்லாமல் சொல்கிறாள்: கூரை ஒழுகிய ஐப்பசி, சாதியாவுக்கு அம்மை போட்டது, ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் மோகனூர்வரை பஸ்ஸில் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. எட்டு மணி அடிக்கும். கலீல் ரஹ்மானின் கைகால்கள் அவரிடம் திரும்பி வரும். அவள் பேச்சை நிறுத்துவதில்லை. அவரும் அசைவதில்லை.