ஆயில் மாற்றிய மதியம்

போல்ட்டு அசையவில்லை. காருக்கு அடியில் பழைய போர்வையை விரித்து மல்லாந்து படுத்திருந்தவள், ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் திருப்புற?" ஜன்னலுக்குள்ளிருந்து கணவனின் குரல் வந்தது.

"நீங்க சொன்ன பக்கந்தான்."

"அப்ப கையில தெம்பு இல்ல. சாப்பிட்டியா இல்லையா?"

"இங்க வந்து படுத்துப் பாருங்க, தெரியும்."

"நான் படுத்துக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சிரித்த சத்தம் கேட்கவில்லை.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்றே, கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லிவிட்டான். கார் தெரிய வேண்டுமாம். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவன். காரை ஒரு நாளும் ஒர்க்‌ஷாப்பில் விட்டதில்லை. நல்லா இருக்கிறதையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்பான்.

கொஞ்ச நாளாக ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் வண்டி 'டொக்' என்று ஒரு உதை உதைத்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் ஆயில் கெட்டுப்போச்சு, மாற்றினால் சரியாகிவிடும் என்று ஆயில் கேன்களை வாங்கி வைத்தான். அப்புறம்தான் படுக்கையில் விழுந்தான். அவள் வேலை பார்க்கிற லாண்டரியில் விடியற்காலை ஷிப்டு. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்பதுதான் அவனுக்கு எப்போதும் யோசனை.

இன்று காலையில் கண் விழித்ததும், "இன்னிக்கே மாத்திடலாம்" என்றான். இப்ப என்னங்க அவசரம் என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் விட்டாள்.

"நான் சொல்லச் சொல்ல நீ செய்யி," என்று ஜன்னலிலிருந்து மறுபடி குரல் வந்தது. "இவனை நம்பாத. கணக்கு வாத்தியாருக்கு சைக்கிள் செயினே மாட்டத் தெரியாது."

"ஜாக்கி போட்டுத் தூக்குனது யாருண்ணே?" என்றான் கொழுந்தன்.

"அதான் பயமா இருக்கு."

போல்ட்டு சட்டென்று விட்டுக்கொடுத்தது. கறுத்த ஆயில் அவள் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. துணி அலசுகிற டப்பை இழுத்து அடியில் தள்ளினாள்.

"கருகின வாடை அடிக்குதா?"

"இல்லங்க."

"போல்ட்டு நுனியில காந்தம் இருக்கும். துடைக்காம அப்படியே கொண்டா."

போல்ட்டைப் பேப்பரில் வைத்து உள்ளே எடுத்துப் போனாள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அவன் விரலை அவளே பிடித்து அதன் மேல் வைத்தாள். கட்டைவிரலோடு சேர்த்து மெல்லத் தேய்த்துப் பார்த்தான். வெகுநேரம் தேய்த்தான்.

"துண்டு துண்டா ஏதும் தட்டுப்படல. மாவு மாதிரிதான் இருக்கு. இது தேய்மானம். எல்லாத்துக்கும் உள்ளதுதான்."

"அப்ப நல்லதா?"

"இன்னும் ரொம்ப நாள் ஓடும்."

அந்த விரலைத் துடைக்க அவள் துணியை எடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

வெளியே வந்த ஆயில் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். கொழுந்தனும் வெளியே வர, பழையதைத் தண்ணி பாட்டில்களில் ஊற்றி அளந்தார்கள். போல்ட்டை மாட்டி முறுக்கியபின், புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றினாள். செக்கச்செவேலென்று இறங்கியது. கொழுந்தன் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாத்தியாரே, மார்க் போடுற மாதிரி தாராளமா ஊத்திடாத." ஜன்னலிலிருந்து வந்த குரல் இப்போது பாதிதான் இருந்தது.

"நான் எங்கண்ணே தாராளமாப் போட்டேன்? பசங்களைக் கேட்டுப் பாரு."

பதில் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தாள்.

ஜாக்கியை இறக்கினார்கள். "நீங்க உள்ள போங்க தம்பி. அவரை எழுப்பி உக்காத்தி வையுங்க. உதைக்காம கியர் விழுறதை அவர் காதால கேக்கணும்."

கொழுந்தன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் வண்டியை ஸ்டார்ட் செய்தாள். சொல்லியிருந்தபடி பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கியரிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தி மாற்றினாள். ரிவர்ஸ். நியூட்ரல். டிரைவில் தள்ளினாள். வண்டி லேசாக முன்னால் அமுங்கியது. அவ்வளவுதான். உதையும் இல்லை, சத்தமும் இல்லை. நம்பாமல் இன்னொரு தடவை போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "என்ன சொல்றாரு தம்பி?"

ஜன்னலில் கொழுந்தனின் முகம் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லாருக்காம் அண்ணி."

"இன்னொரு தடவை போடவான்னு கேளுங்க."

"போடுங்க அண்ணி."

போட்டாள். அப்புறம் பார்க்கிங்கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டபடியே இறங்கினாள். ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், அதுவும் நன்றாகச் சூடேறின பிறகு. அதற்குள் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று வாசலில் செருப்பை உதறினாள்.

அறைக்குள் காலெடுத்து வைத்ததுமே நின்றுவிட்டாள். தூங்கும்போதுகூடக் கழற்ற விடாத கண்ணாடி மடித்து அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. போர்வை நெஞ்சுவரை சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது.

கொழுந்தன் எழுந்து நின்றான்.

"எப்ப?"

"நான் கை கழுவிட்டு வந்தேன்ல, அப்பவே." போர்வை ஓரத்தை மறுபடி இழுத்துவிட்டான். "நீங்க வண்டில ஏறிட்டீங்க. எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல அண்ணி."

"நல்லாருக்குன்னீங்களே."

"நல்லாத்தானே இருந்துச்சு. சத்தமே வரலையே."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். போர்வையில் படாமல் இருக்க ஆயில் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

வெளியே எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை அணைக்கக் கிளம்பினான்.

"வேண்டாம் தம்பி," என்றாள். "இன்னும் சூடு ஏறல. கொஞ்ச நேரம் ஓடட்டும்."