அங்கே இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு

ஐந்தே காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். ஹாரன் அடித்தால் தெருவே எழுந்து திட்டும் என்பதால் டிரைவர் முன் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார். அந்த வெளிச்சம் எங்கள் மூன்றாவது மாடி ஜன்னலில் விழும்போது நான் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் சின்னவள், அவளுக்குப் பின்னால் பெரியக்கா. வெளிநாட்டுக்கு வந்து ஒரே பள்ளியில் டீச்சராக இருக்கும் எங்கள் மூன்று பேருக்கும் இருப்பது ஒரு குளியலறை. தண்ணீர் கொதிக்கிறதோ இல்லையோ, நாங்கள் வரிசையில் நின்றாக வேண்டும்.

ஆறு மணிக்கு முதல் வகுப்பு. ஆபீசுக்குப் போகுமுன் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள வரும் முப்பது பெரியவர்கள், பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணிக்கு அவர்கள் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி, குட்டி மேஜைகளை இழுத்துப் போட்டு, சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். நாற்பது குழந்தைகள் வந்துவிடும். தவளை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க நாமே தவளையாகிக் குதிக்க வேண்டும். எனக்கு நாற்பது வயது, முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார் கத்தினால் நான் அதற்கு மேலே கத்துவேன். நான் கத்தினால் அவர். ஊரில் பதினைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், இங்கே யானை பெரியது, எறும்பு சிறியது என்று ஆங்கிலத்தில் அலறிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிவரை இதே கதைதான். மண் வெட்டுகிறவனுக்கு உள்ளங்கை காய்க்கும். எங்களுக்குக் காய்க்கிற இடம் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

பள்ளியின் முதலாளி தன்னைச் சேர்மன் என்று கூப்பிடச் சொல்வார். கமிட்டி ஒன்றும் கிடையாது. எல்லாம் அவர் ஒருவர்தான். அவரும் நம் பாஷைக்காரர், இருபது வருடம் முன்னால் வந்தவர். அந்நியன் என்றால் அவன் முகத்துக்கு நேரே நம் பாஷையில் நாலு வார்த்தை வைது மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

நான் ஒன்றும் ஏமாளியாக வந்து விழுந்தவள் இல்லை. வெளிநாட்டில் டீச்சர் வேலை என்றதும் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள்: கையெழுத்துப் போடுமுன் அங்கே இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிடு. கேட்டேன். போனில் ஒரு பெண்குரல், தேனாகப் பேசியது. "கண்ணை மூடிட்டு வாம்மா. சொந்த வீடு மாதிரி பாத்துக்கறாங்க." இரண்டு வருடம் முன்பு அப்படிப் பேசியவள்தான் பெரியக்கா. வந்து இறங்கியதும் சேர்மன் வேறொரு ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தார். அதன் ஆங்கிலத்தில் மூன்று பிழைகள் இருந்தன. மூன்றையும் எடுத்துச் சொன்னேன். "அடடா, இதான் டீச்சர்!" என்று அவர் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிழை திருத்திய பெருமையில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் பாஸ்போர்ட் அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது. படித்தவள் செய்கிற முட்டாள்தனத்தைப் படிக்காதவளால் செய்யவே முடியாது.

போன திங்கட்கிழமை பெரியக்காவின் குரல் போய்விட்டது. குழந்தைகளுக்கு நடுவே நின்று "குதி" என்று கத்தப் போனவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இருமினாள். கைக்குட்டையில் ரத்தம். குழந்தைகள் அதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து இருமிக் காட்டின. தொண்டை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, அப்புறமும் பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார். மறுநாளே சேர்மனிடமிருந்து ஒரு தாள் வந்தது. சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தானா எனக்கு நல்ல காலம் பிறக்க வேண்டும்! எட்டு மாதமாக நாயாக அலைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பரீட்சை எழுதி, முன்பின் தெரியாத குழந்தைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டி, நகரத்தின் மறுகோடியில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. செங்கல் சுவர். உடம்புக்கு முடியாவிட்டால் லீவு. பாஸ்போர்ட் என் கையில். ஒப்பந்தத்தை நாலு முறை வாசித்தேன்; இந்தத் தடவை பிழை தேடவில்லை. ஒரே ஒரு தடைதான். என் விசா சேர்மன் பள்ளியின் பெயரில் இருக்கிறது. அவர் ரிலீவிங் லெட்டர் கொடுத்தால் அங்கே சேரலாம், இல்லாவிட்டால் நேராக ஊருக்குத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவரை கெடு.

செவ்வாய்க்கிழமை அவர் அறைக்குப் போனேன்.

"பெரியக்காவ ரூமைக் காலி பண்ணச் சொல்லியிருக்கீங்களாம்?"

"குரல் இல்லாத டீச்சரை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? ஊமைப் படம் காட்டறதா?"

"உங்க வகுப்புலதான சார் போச்சு."

"என் வகுப்புல நாலு பேர் கத்தறீங்க. போனது ஒருத்திக்குத்தானே? மத்த மூணு பேரும் நல்லாத்தானே கத்தறீங்க?"

பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் நான் வந்த காரியம் வேறு. லெட்டரைக் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தால், இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். என் பெயர் போட்டு, தேதி போட்டு, எல்லாம் அடித்திருந்தது.

"எனக்கும் காது இருக்கும்மா. உன் வேலை விஷயம் தெரியும். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அவ இடம், உன் இடம், ரெண்டு காலி. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஊர்லேருந்து ஒரு பொண்ணு பேசும். அதுவும் அதோட நாத்தனாரும் வரப் பாக்கறாங்க. அங்க இருக்கற ஒரு டீச்சர்கிட்ட கேட்டுட்டுத்தான் வருவாங்களாம். நீ நல்லபடியா நாலு வார்த்தை பேசு. போனை வெச்சதும் நான் போட்டுடறேன்."

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். கணக்கு வாத்தியார் கீழ்மாடி அறையிலிருந்து ஏறி வந்திருந்தார். பெரியக்கா மடியில் குழந்தைகளின் சின்ன எழுது பலகை.

"நீ பேசிடும்மா," என்றார் வாத்தியார். "நாலு பேர் முழுகறோம். ஒருத்தராவது கரையேறினா அது பாவமா?"

"இன்னொருத்திய உள்ள தள்ளிட்டுத்தான் ஏறணுமா சார்?" என்றாள் சின்னவள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு இன்னும் கோபம் வருகிறது.

"பேசி லெட்டரை வாங்கிட்டு அப்புறமா அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிட்டா?" என்றார் வாத்தியார்.

"நம்பர் அவர்கிட்ட சார். அதுவுமில்லாம, நான் சரின்னதும் அதுங்க ரெண்டும் அங்க வேலைய விட்டுட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கூரியர்ல போட்டுடுங்க. நான் அதைத்தான் பண்ணினேன்," என்றேன்.

இரண்டு வருடமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டுவிட்டேன். "ஏன்க்கா என்னை வான்னு சொன்னீங்க?"

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். அப்பா சாகக் கிடந்தார். உன்னிடம் பேசினால் என் பாஸ்போர்ட்டைத் தருவதாகச் சேர்மன் சொன்னார். நாங்கள் வாசித்து முடித்ததும் கையாலேயே அழித்துவிட்டு இன்னொரு வார்த்தை எழுதினாள். தரவில்லை.

அவள்மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் படுக்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன், பொய்தான் சொல்லப் போகிறேன் என்று. என் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிய லாரி ஓட்டுகிறார். பெண் பத்தாவது படிக்கிறாள். ஊர் ஞாயம் எல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பன்னிரண்டு மணி. சேர்மன் ஸ்பீக்கரைப் போட்டு போனை நடுவில் வைத்தார். பக்கத்தில் என் லெட்டர், அதன்மேல் அவர் பேனா.

"வணக்கம் மேடம். நான் இங்க பிரைமரி ஸ்கூல்ல வேலை பாக்கறேன். கொஞ்சம் கேள்வி எழுதி வெச்சிருக்கேன், கேக்கலாமா?" தாள் புரளும் சத்தம் கேட்டது. நானும் அப்படித்தான் எழுதி வைத்துக் கேட்டிருந்தேன்.

"கேளும்மா."

"ரூம்ல தண்ணி வசதியெல்லாம் எப்படி?"

"நல்லா வருது." அது உண்மை.

"எத்தனை மணி நேரம் வேலை மேடம்?"

"ஸ்கூல் நேரம்தான்."

"இங்க காட்டற ஒப்பந்தம்தானே? அங்க வந்தப்புறம் மாத்திட மாட்டாங்களே?"

"மாத்தமாட்டாங்க."

சேர்மன் பேனா மூடியைக் கழற்றினார்.

"கடைசியா ஒண்ணு மேடம். நான் யாரோட இடத்துக்கு வரேன்? அவங்க ஏன் போறாங்க?"

இந்தக் கேள்வியை அன்று பெரியக்காவிடம் நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகிப் போகிறாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை. வீரம் கீரம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. கணீரென்று, ஒரு கீறல் இல்லாத குரல். பத்து நிமிடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தொண்டை போன ஒருத்தியோட இடத்துக்கும்மா," என்றேன். "சனிக்கிழமை அவளை ரூமைவிட்டு இறக்கப் போறாங்க. வேலை காலைல ஆறுலேருந்து ராத்திரி ஏழு. ஒப்பந்தத்தை மாத்துவாங்க. நான் முதல்ல சொன்னது பொய்."

சேர்மன் போனை அணைத்தார். கத்தவில்லை. மணியை அடித்து வாத்தியாரை வரவழைத்தார். மறுபடி எண்களை அழுத்தினார். "லைன் கட்டாயிடுச்சும்மா. முன்னாடி பேசினவங்களுக்கு எங்க மேல கொஞ்சம் மனத்தாங்கல். இதோ, சீனியர் சார் பேசறார்."

வாத்தியாருக்கு ஊரில் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். இந்தப் பள்ளியில் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னவர் இல்லை. என்னைப் பார்த்தார், மேஜையில் இருந்த லெட்டரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்மா. அவங்க சொன்னது அத்தனையும் நிஜம். ஒண்ணை மட்டும் விட்டுட்டாங்க. நாங்க பேசறப்ப முதலாளி பக்கத்துல உக்காந்திருக்கார்."

அந்தப் பக்கம் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா சார்?"

"ஆகும்மா. நீ வராதே. போனை வை."

சேர்மன் என் லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்தார். "ஊர்ல முப்பது பேர் வரிசைல நிக்கறான். ஞாபகம் இருக்கட்டும்."

"நிக்கட்டும் சார்." வாசலில் சின்னவள். மூச்சு வாங்கியது. நாற்பது குழந்தைகளை விட்டுவிட்டு வாத்தியாருக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். "முப்பது பேரும் இங்க இருக்கற ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் வருவாங்க. இருக்கறது நாங்கதான். பெரியக்கா குணமாகற வரைக்கும் ரூம்லதான் இருப்பாங்க. எல்லாரோட பாஸ்போர்ட்டும் எங்க கைக்கு வரணும்." ஒரு கணம் நிறுத்தி என்னைக் காட்டினாள். "அக்காவோட லெட்டரை மறுபடியும் அடிங்க."

நான் அதைச் சொல்லச் சொல்லவில்லை.

"விசாவை ரத்து பண்ணினா நாலு பேரும் ஒரே வாரத்துல ஊர் போய்ச் சேருவீங்க. வகுப்புக்குப் போங்க."

போகத்தான் செய்தோம். குழந்தைகள் மேஜைமேல் ஏறி நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அதுகள் என்ன செய்யும்?

லெட்டர் வரவில்லை. வியாழக்கிழமை ஐந்து மணி வந்தது, போனது. அரசுப் பள்ளியில் ஒரு பெண்மணி மரியாதையாகத்தான் பேசினாள். அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிட்டோம், வருந்துகிறோம் என்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அந்தச் செங்கல் சுவரை நினைத்து நினைத்து அழுதேன். எட்டு மாத உழைப்பு எனக்குத்தானே தெரியும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் போன் செய்தார்.

"போச்சா?"

"போச்சு."

"பொண்ணு கேட்டா என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு அந்தம்மாவ இறக்க ஆள் வருதுன்னியே. நாலு பேர் என்ன பண்ணிட முடியும்? அதுலயும் ஒருத்தருக்குப் பேச்சே வராது."

"பேசற வேலை ஒண்ணும் இல்லைங்க. எங்க மாடிப்படி ரொம்பக் குறுகல். நாலு பேர் அடுத்தடுத்து உக்காந்தா யாராலயும் ஏறி வர முடியாது. விடியறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துடுவோம்."

"வேன்?"

"வந்து நிக்கட்டும்."

"போலீஸைக் கூட்டிட்டு வந்தா?"

"தெரியல."

அந்தப் பக்கம் அவர் லாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"படி சில்லுன்னு இருக்கும்," என்றார். "கீழ எதையாவது மடிச்சுப் போட்டுட்டு உக்காருங்க."