உட்காரச் சொல்ல ஓர் ஆள்

ஒரு டிவிப் பெட்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரியுமென்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 2005-இல் எரிந்தது. சரோஜினி நகரில் நான் பாடம் நடத்தும் தமிழ்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் மேடம் ஒருத்தி இந்தியில் கணக்கு நடத்துவாள்; டில்லியில் பல பள்ளிகளில் ஒரே நேரத்தில் அவள் முகம் தெரியும். சந்தேகம் வந்தால் மேஜைமேல் இருக்கும் ஃபோனில் கேட்கலாம்.

"இன்னிக்கு முதல் பாடம். ஆபீசர் சுப்பையா வரார். நன்னா நடந்தா இந்த க்ளாசுக்கு டீச்சரே வேண்டாம்னு எழுதிடுவார். உங்கள நரேலாவுக்கு மாத்திடுவா," என்றார் தலைமையாசிரியர் வெங்கடேஸ்வரன்.

டில்லியின் வடகோடியில் இருக்கும் நரேலா எங்கே, என் வீடு எங்கே. என் கணவர் கல்யாணராமன் வேறு காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "டிவி லீவு கேக்காது, மாதங்கி," என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருந்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு அந்த மேடம்தான் டீச்சர். நான் யாருமில்ல. அவங்க சொல்றத மட்டும் கேளுங்க," என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஆபீசர் தலைமையாசிரியரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் மேடம் வந்ததும் வகுப்பே எழுந்து, "நமஸ்தே மேடம் ஜி," என்று இழுத்தது. அவள் ஒரு சப்பாத்தியை எடுத்து நாலாகக் கிழிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் நின்றார்கள். நாலு எட்டாயிற்று. அப்போதும் நின்றார்கள். டீச்சர் சொல்லாமல் உட்காரக் கூடாது என்பது நான் அடித்துப் பழக்கிய பாடம்.

"உக்காருங்கடா," என்று பல்லைக் கடித்தேன்.

"நீங்க இன்னிக்கு டீச்சர் இல்லியே மிஸ்," என்றாள் இந்துஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முன்னால் நிற்கிறவர்கள் மறைத்ததால் ஆபீசரும் எழுந்தார். அவர் எழுந்ததால் தலைமையாசிரியரும் எழுந்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"ஏம்மா, பிள்ளைக எல்லாம் என்னத்துக்கு நிக்குதுவ?" என்றார் ஆபீசர். திருநெல்வேலிக்காரர்.

"அவங்க இன்னும் உக்காரச் சொல்லல சார்."

இதைக் கேட்ட இந்துஜா பொறுக்கமாட்டாமல் ஃபோனை எடுத்துவிட்டாள். "மேடம் ஜி, நாங்க பைட்டலாமா?" உட்காரலாமா என்பதுதான் அவசரத்தில் பாதி இந்தி, பாதி தமிழாக வந்தது.

திரையில் மேடம் சப்பாத்தித் துண்டும் கையுமாக விழித்தாள். அதற்குள் ஸ்டுடியோவில் அடுத்த ஃபோன் அடித்தது. கரோல் பாக்கிலும் நிற்கிறார்களாம். அடுத்தது ஜங்புராவிலிருந்து. மேடம் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "பைட் ஜாவோ பச்சோ, பூரி டில்லி பைட் ஜாவோ." டில்லி முழுக்க உட்கார வேண்டுமாம்.

தடதடவென்று வகுப்பு உட்கார்ந்தது. ஆபீசரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டு, தான் செய்தது புரிந்து வெடித்துச் சிரித்தார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "டிவி பாடம் நடத்திரும்மா. உக்காரச் சொல்லதுக்கு ஒரு ஆளு வேணும்லா. நீங்க இங்கனயே இருங்க."

அவரை வழியனுப்ப வகுப்பு எழுந்து நின்றது. அவர் தலை மறைந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நானோ சந்தோஷத்தில் அவர் போன வாசலையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ்," என்றாள் இந்துஜா, "கால் வலிக்குது, ஜல்தி சொல்லுங்க."