இரண்டு வரியில் அம்மா

எதில்சா ஒரு குரல்பதிவு அனுப்பினால் அது ஒரு வேளைச் சமையலின் நீளம் இருக்கும். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது பேச ஆரம்பிப்பாள்; முட்டை அடைத்த சோள அடை பொரிந்து வாங்கினவன் வாய்க்குள் போன பிறகும் பேச்சு முடிந்திருக்காது. நடுவில் பழவண்டிக்காரனைத் திட்டுவாள், பக்கத்து வீட்டு நாயை விரட்டுவாள், "எங்க விட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வாள், விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு வேறொரு இடத்தில் தொடங்குவாள். கடைசியில் "சாப்பிட்டியா?" என்பதில் வந்து நிற்கும்.

இந்தப் பதிவுகளிலிருந்து தப்பிக்கத்தான் அவள் மகள் யானெரிஸ் ஒரு கம்பெனியே ஆரம்பித்தாள்.

'நேரா விஷயம்' என்பது அவளுடைய செயலியின் பெயர். எவ்வளவு நீளப் பதிவைப் போட்டாலும் இரண்டு வரியில் சாரத்தைக் கொடுத்துவிடும். அவளுடைய ஊரான பர்ராங்கியாவில் தொடங்கித் தலைநகர் பொகோட்டா வரை அலுவலகக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். மேலாளர்கள் நடந்துகொண்டே பேசி அனுப்புகிற பதிவுகளில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. அந்த நாட்களில் செயலி 'விஷயம் எதுவுமில்லை' என்று காட்டும். அதைப் படம் பிடித்துப் பரப்பாத ஊழியன் நாட்டிலேயே இல்லை.

மேடைகளுக்கு அழைத்தார்கள். யானெரிஸ் போய் அம்மா மாதிரியே பேசிக் காட்டுவாள், அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஊரின் பணக்கார வடக்குப் பகுதி அரங்கங்களில் ஏழைத் தெற்குப் பகுதி அம்மாக்களுக்கென்று ஒரு தனிச் சிரிப்பு உண்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறியவள் என்ற வாக்கியம் முதலீட்டாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். "அந்த எண்ணெய்ச் சட்டிக் கதையச் சொல்லுங்களேன்" என்பார்கள். ஒரு அம்மா வியர்த்துக்கொண்டு அடுப்புமுன் நின்றால்தான் அவர்களுக்கு ஒரு கம்பெனிமேல் நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

இணையத்தில் தொழில் செய்கிறவர்களின் உலகமே ஒரு மாதிரியானது. ஒருத்தனுக்கு மணமுறிவு ஆனால், அது தனக்கு விற்பனையைப் பற்றி என்ன கற்றுத் தந்தது என்று எழுதுவான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதிலும் ஒரு நிர்வாகப் பாடம் இருக்கும். யானெரிஸ் அதையெல்லாம் படித்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு உட்கார்ந்து அம்மாவைப் பற்றி எழுதுவாள். விருப்பக்குறிகள் குவியும். எழுத முழு அம்மா வேண்டும், கேட்க இரண்டு வரி போதும் என்பதில் இருக்கிற அநியாயம் அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்க நேரமில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வில்ஃப்ரான் கூப்பிட்டான். அம்மா வீட்டின் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன்.

"அக்கா, நீ என்ன கலர்ல வர்ற? மஞ்சள் மட்டும் யாரும் போடக்கூடாதாம். அது அம்மாவோடதாம்."

"எதுக்குடா கலரு?"

"கல்யாணத்துக்குத்தான்."

"உனக்கா? எந்தப் பொண்ணு தலையெழுத்துடா அது?"

"எனக்கில்ல. அம்மாவுக்கு."

யானெரிஸ் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். "என்னடா உளர்ற?"

"என்ன உளர்றேன்? நீதான சரின்ன! அம்மா ஒன் பதிலத் தெரு பூரா காட்டியாச்சு. 'எம்பொண்ணு ஒரு கேள்வி கேக்கல பாத்தியா, படிச்சவ படிச்சவதான்'னு ஒரே பெருமை."

"மாப்பிள்ள யாரு?"

வில்ஃப்ரான் தொண்டையைச் செருமினான். "நிகானோர்."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அம்மாவின் பதிவுகளைத் தேடினாள். செவ்வாய்க்கிழமை வந்த பதிவின் கீழே செயலி இப்படிச் சுருக்கியிருந்தது: 'அம்மா நலம். வெண்ணெய்ப்பழம் விலை ஏறிவிட்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்.' அதற்கடியில் அவளுடைய பதில்: 'சரிம்மா, ரொம்ப நல்லது.' கூடவே ஒரு சிவப்பு இதயம்.

நிகானோர்! உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? அவர் எதிர்வீட்டுக்காரர். ஆள் உயர ஒலிப்பெட்டிகளை அடுக்கி, அந்த அடுக்கின் நெற்றியில் எரிமலை வரைந்து, 'நிலநடுக்கம்' என்று பெயரும் சூட்டி வைத்திருப்பவர். வெள்ளி இரவு பாட்டுப் போட ஆரம்பித்தால் தெருவில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் தானாக நகரும். யானெரிஸ் நுழைவுத்தேர்வுக்குப் படித்த வருஷம் முழுவதும் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு படித்தாள். இன்றைக்கும் ஒரு கணிதச் சூத்திரத்தை நினைத்தால் பின்னாலேயே தாளமும் வரும். ஒருநாள் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். மனுஷன் சிரித்துக்கொண்டே, "படி மகளே, உனக்காகவே நல்ல பாட்டாப் போடறேன்" என்றார். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை.

வாடகைக் காரில் தெற்கே போகும்போது அந்தப் பதிவை முழுசாகக் கேட்டாள். எண்ணெய் இரைந்தது. வெயிலைப் பற்றி, பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி, வெண்ணெய்ப்பழத்தைப் பற்றி. பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்தது.

"...அந்தாளு கேட்டுட்டாரு யானெ. சர்ச்சுலயே வச்சுப் பண்ணிக்கலாங்குறாரு. ஒங்கப்பன் என்னிக்கி என்னைய சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனான்? ஏய், அந்தப் பழத்த அமுக்காதய்யா, நான்தான அமுக்கணும், வாங்குறவ நானா நீயா! எங்க விட்டேன்? ஆங். நீ என்ன சொல்ற? மனசுல பட்டதச் சொல்லு. வெலை என்னய்யா இப்படிச் சொல்ற, பழத்துக்குள்ள தங்கமா இருக்கு? சாப்பிட்டியா கண்ணு?"

செயலிக்கு ஒரு விதி உண்டு: பக்கத்தில் நிற்கிறவர்களோடு பேசுவதை வெட்டிவிட வேண்டும். அம்மாவின் கல்யாணம் பழக்காரனோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது. அந்த விதியை எழுதியவள் யானெரிஸ்தான்.

அம்மாவின் பேட்டையான லாஸ் நியேவெஸில் கார் நிற்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அவள் வீட்டுக்குள் ஓடி ஏறிய கொஞ்ச நேரத்தில் தெரு ஆறாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போயிற்று. பர்ராங்கியாவில் இப்படி மழை இறங்கினால் இருக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். சண்டை போட வந்தவர்களும்.

"வாடி. சாப்பிட்டியா?" அம்மா அடுப்படியில் மாவு தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தாளா?"

"மொதல்ல தலையத் தொடை."

"அம்மா, அந்த வாய்ஸ நான் கேக்கவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா!"

"பழக்காரன் பழத்தப் பையில போட்டு முடிக்கல, அதுக்குள்ள ஒன் பதில் வந்து நிக்கிது. அவ்ளோ நேரம் பேசியிருக்கேன், எப்படிக் கேட்டிருப்ப? அது போக, நீ என்னிக்கிடி சண்ட போடாம சரின்னு சொல்லியிருக்க? தொட்டில்லயே மாட்டேன்னவ நீ."

"தெரிஞ்சுமா தெரு பூரா காட்டுன?"

"காட்டாம? எழுத்துல இருக்குல்ல." எதில்சா ஒரு அடையை எண்ணெயில் நழுவவிட்டாள். "ஒங்கிட்ட நேர்ல கேட்டா கத்துவ. போன்ல கேட்டாலும் கத்துவ. அதான் ஒன் மிஷின்கிட்டக் கேட்டேன். தங்கமான புள்ள. சட்டுன்னு சரின்னுருச்சு."

"ஏமாத்திட்டியேம்மா!"

"நானா? வாய்ஸ் அனுப்புறவ நானு, கேட்ட மாதிரி நடிக்கிறவ நீ. யாருடி யார ஏமாத்துனது?"

முன்னறையில் ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதி மழித்து நிறுத்தியிருந்த வில்ஃப்ரான், "அப்படிக் கேளும்மா" என்று குரல் கொடுத்தான்.

"நீ கத்தியப் பாரு, காத அறுத்துராத" என்று அவனை அடக்கிவிட்டு எதில்சா தொடர்ந்தாள். "ஒன் மேடை வீடியோவும் பாத்தேன். சலூன்ல எல்லாரோடயும் ஒக்காந்துதான் பாத்தேன். நான் மூக்காலயா பேசுறேன்? செய்யறதுதான் செய்யற, ஒழுங்காச் செய்யக் கூடாது?"

"கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"சிரிப்பாத்தான் இருந்துச்சு. பெறகுதான் யோசிச்சேன். எம்பொண்ணுக்கு எங்கிட்ட ரெண்டு வரிதான் வேணும். சரி, அவளுக்கு வேலை. மிச்சத்த நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? அந்தாளு வந்து ஒக்காந்து கேக்குறாரு யானெ. அந்தப் பொட்டிங்க பக்கத்துலயே நின்னு நின்னு காது மந்தமாப் போச்சு, எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லணும். எனக்கு அது நல்லாத்தான் இருக்கு."

அடை எண்ணெயில் உப்பிக்கொண்டு வந்தது. எதில்சா அதை எடுத்து ஓரத்தைக் கீறி, முட்டையை உடைத்து உள்ளே ஊற்றி, மறுபடியும் எண்ணெயில் விட்டாள். யானெரிஸ் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே அடுப்பருகே வந்தாள்.

"பழக்காரனோட சேத்து ஒம்பேச்சையும் வெட்டுன அந்த விதிய மாத்திர்றேம்மா."

"எதையும் மாத்தாத. ஒங்க பெரியம்மா வாய்ஸுக்கு எனக்கே அது வேணும். முழங்கால் முழங்கால்னு உசுர வாங்குறா." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மகளுக்கு நேராகத் திரும்பினாள். "இப்ப நேர்ல கேக்குறேன். அந்தாளக் கட்டிக்கவா?"

"வேணாம்னு சொன்னா நிறுத்திருவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்குக் கேக்குற?"

"கேக்கணும்ல. பெத்த பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு தெரியாம சர்ச்சுல போய் நிக்க முடியுமா? முழுசாச் சொல்லு. எனக்கு அவசரமில்ல, வெளிய ஆறு ஓடுது."

யானெரிஸ் சொன்னாள். மெழுகில் ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பைச் சொன்னாள். எரிமலை ஓவியம் கேவலமாக இருக்கிறது என்றாள். அப்பா நாட்டு எல்லை தாண்டிப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு இந்த வீட்டில் ஆண்குரல் அதட்டிக் கேட்டதில்லை, இனியும் கேட்கக்கூடாது என்றாள். அவர் சட்டையை யார் துவைப்பது என்று கேட்டாள். நடுவில் பெரியம்மாவுக்குப் போனாள், வில்ஃப்ரானைத் திட்டினாள், முதலீட்டாளர்களைத் திட்டினாள், எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றாள். முன்னறையில் கத்தரிச் சத்தம் நின்றுபோயிருந்தது. எதில்சா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவள் வாழ்நாளில் அது முதல் தடவையாக இருக்கலாம்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல. எனக்கு அந்தாளப் பிடிக்கல." யானெரிஸ் மூக்கை உறிஞ்சினாள். "கட்டிக்கோ."

"இப்பத்தான்டி எம்பொண்ணு பதில் சொல்லியிருக்கா" என்றாள் எதில்சா. அவள் முகத்தில் நிம்மதி பரவியதை மகள் பார்த்தாள். சரி என்ற சொல் மட்டும் கிடைத்திருந்தால் இது வந்திருக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒரு கண்டிஷன் இருக்கு. அதை அந்தாளுகிட்டயே பேசிக்கிறேன்."

வாசலுக்குப் போனாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிகானோர், காற்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்துக்கொண்டு, பிடிபட்ட திருடன் மாதிரி தன் வாசலில் நின்றார். அவள் வந்திறங்கியதைப் பார்த்திருப்பார். தலை நரைத்துவிட்டது.

"ஒம்பது மணிக்கு மேல பாட்டு கேக்கக்கூடாது!" என்று கத்தினாள். ஆற்று இரைச்சலில் அவருக்கு ஒன்றும் எட்டவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். சட்டையை அவரே துவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து மறுபடியும் கத்தினாள். மேல்வீட்டு ஜன்னலில் நின்ற பெண் அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கத்தினாள். அந்த வீட்டுக்காரன் கூரைமேல் ஏறி விரலால் ஒன்பது காட்டினான். தெருவே சேர்ந்து, "ஒம்பதாம்! சட்டைய நீங்களே தொவைக்கணுமாம்!" என்றது.

நிகானோர் யோசித்தார். உள்ளே போனார். 'நிலநடுக்கம்' ஒருமுறை உறுமியது. பிறகு ஒலிவாங்கியில் அவர் குரல் தெரு முழுவதும் அதிர்ந்தது.

"மகளே! ஒம்பது மணி, சம்மதம். எஞ் சட்டைய நானேதான் தொவைக்கிறேன், அம்மாகிட்ட வேணா கேட்டுக்க. கல்யாணத்தன்னிக்கு மட்டும் விடிய விடியப் போட்டுக்கட்டுமா?"

எல்லா ஜன்னல்களும் யானெரிஸைப் பார்த்தன. பாதி மழித்த தலையோடு வாடிக்கையாளரும் வந்து பார்த்தார். யானெரிஸ் இடுப்பில் கைவைத்து, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும்!"

"மூணு!" என்றது ஒலிபெருக்கி.

"விட்டுக்குடுத்துத் தொலைடி," என்று பின்னாலிருந்து அம்மா கிசுகிசுத்தாள், "எனக்கும் ஆடணும்ல."

"மூணு!" என்று யானெரிஸ் கத்தினாள். தெரு கைதட்டியது.