மூக்கம்மாளுக்குக் கொடுத்த சத்தியம்

ஏலக்காய் வியாபாரி ஜோசுவா வியாழக்கிழமை தோறும் மலைமேலுள்ள குரங்கணிக்குப் போவார். காய் வாங்கத்தான் போகிறார் என்று அவர் மனைவி ஜெயபாக்கியம் நினைத்திருந்தாள். ஆனால் காய் இல்லாத மாசத்திலும் போனார். திரும்பும்போது சட்டையில் டெட்டால் வாசம். பீரோவிலிருந்த அவளுடைய பழைய நூல் சேலைகள் வேறு காணாமல் போயின. கேட்டால், "சோலி இருந்துச்சு," என்பதோடு முடித்துக்கொண்டார்.

சொந்த ஊரான போடியில் அவர் கிறிஸ்தவ சபையின் மூப்பர். மலையில் ஏதோ ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அவர் நுழைந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். ஜெயபாக்கியத்தைக் கண்டதும் சபைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு வியாழன் அவர் பைக்கில் கிளம்பியதும் அவள் மலைக்கு ஆள் ஏற்றும் சின்ராசுவின் ஜீப்பில் ஏறினாள்.

"அவரு எந்த வீட்டுக்குப் போறாரு?"

சின்ராசு அவள் பக்கம் திரும்பவில்லை. "என்னை எதுக்கு மதினி இழுக்குறீங்க? காப்பித் தோட்டத்துக்கு மேல, கடைசி வீடு."

கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் குரல்: "கொஞ்சம் பொறுத்துக்க. முடிஞ்சுரும்."

கதவைத் தள்ளினாள். அழுகிய புண்ணின் நாற்றம். கட்டிலில் கிடந்தவள் பதறி முந்தானையை இழுத்து மூடுவதற்குள், கன்னத்தைப் புற்று அரித்திருந்தது தெரிந்துவிட்டது. ஜோசுவா தரையில் முட்டி போட்டிருந்தார். கையில் கிழித்த சேலைத்துணி.

வெளியே வந்துதான் பேசினார். "மூக்கம்மா. எஸ்டேட்ல காய் எடுத்த பொம்பள, நாதியில்ல. ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்க. இந்தக் கோலம் யாருக்கும் தெரியக்கூடாதுனு சத்தியம் வாங்கிருச்சு."

"எங்கிட்டக்கூடவா?"

"உங்கிட்டயுந்தான்."

சந்தேகம் போயிற்று, கோபம் போகவில்லை. அவர் பைக்கில் ஏறாமல் ஜீப்பிலேயே ஊர் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் அவரை விசாரித்தார்கள். "போறது உண்மைதான். எதுக்குனு சொல்ல முடியாது. மூப்பர் பொறுப்ப வேற ஆளுக்குக் கொடுங்க," என்றார். பக்கத்திலிருந்த பெண் ஆறுதலாக ஜெயபாக்கியத்தின் கையைப் பிடித்தாள். அந்த இரக்கம் சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேர் மீளும். ஆனால் கட்டிலில் பதறிய அந்தக் கைகள் நினைவுக்கு வர, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

பிறகு வாராவாரம் அவளும் கூடப் போனாள். மூக்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். புண்ணை அவர்தான் கழுவுவார்; இவள் துணிகளை அலசிப் போட்டுவிட்டு வருவாள்.

மழைக்காலத்தில் ஜோசுவா காய்ச்சலில் படுத்தார். ஜெயபாக்கியம் தனியாகப் போனாள்.

"ஊருல சொல்லிட்டீகளா ஆத்தா?" சுவரைப் பார்த்தபடியே மூக்கம்மாள் கேட்டாள்.

"இல்ல."

"அவரு பேரு கெட்டுப்போச்சாமுல்ல. அப்பவுமா சொல்லல?"

"சொல்லல."

மூக்கம்மாள் திரும்பினாள். நம்பலாமா என்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு, கன்னத்திலிருந்த முந்தானையை விலக்கினாள்.

"வெந்நி அடுப்புல இருக்கு," என்றாள்.

ஜெயபாக்கியம் அதை இறக்கிக் கொண்டுவந்து, புண்ணைக் கழுவத் தொடங்கினாள்.